அரியணைக்கு ஒரு படி கீழே – அத்தியாயம் 6: பணயமாக ஒரு வளவு

போன வாரம் ஒரு சாயங்காலம், பல்லடத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயதைத் தாண்டியவர். காலரில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைப் பார்த்ததும் தறிக்குடோனில் ஷிப்ட் முடித்து வருகிறார் என்று தெரிந்தது. கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவராம். சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, ஊர் ஊராக அலைந்து கடைசியில் இங்கே தறியோடு ஒட்டிக்கொண்டவர்.

“ஏனுங் தம்பி, அஞ்சு வாரமா அந்த மந்திரியப் பத்தியே எழுதிட்டிருக்கீங்க. அந்தச் சின்னப் பையன் எப்பத்தானுங்க வருவான்? தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் அந்தக் கதையச் சொன்னப்ப நாங்க அத்தன பேரும் அழுதுட்டோமுங்க.”

“இந்த வாரம் வந்துருவானுங்க” என்றேன்.

வருவான். ஆனால் அவன் எந்த வீட்டிலிருந்து நடந்து வந்தான் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். நம் பக்கத்தில் ‘வளவு’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே வாசலுக்குள் நாலைந்து வீடு, நடுவில் ஒரு முற்றம், பங்காளிகளோ வாடகைக்காரர்களோ சேர்ந்திருக்கும் இடம். கண்டியில் பெரிய குடும்பங்களின் வீட்டுக்கு ‘வலவ்வ’ என்று பெயர். நம் வளவுதான் கடல் தாண்டி அங்கே மாளிகையாக உயர்ந்துவிட்டது. எகலப்பொல என்னும் மகா அதிகாரத்தின், அதாவது தலைமை மந்திரியின், வளவு கண்டி நகருக்குள், அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அந்தக் கூப்பிடு தூரம்தான் வினையாக முடிந்தது.

கண்டி அரசில் ஒரு வழக்கம். மாகாணத்தை ஆளப் போகும் தலைவர் தன் மனைவி மக்களைக் கூட அழைத்துப் போக முடியாது. அவர்கள் தலைநகரிலேயே இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது மரியாதை. அரசருக்கோ அது அடகு. தலைவர் எல்லையில் என்ன செய்தாலும், அவருடைய வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவது அரசரின் கண்ணெதிரில்.

அந்த அடகு மூழ்கிய கதைதான் இந்த வாரம்.

*

தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக நாலு வார்த்தை. பௌத்த நாடுகளில் ‘உபராஜா’ என்று ஒரு பதவி உண்டு. அரசருக்கு அடுத்தவர், பெரும்பாலும் அரசரின் தம்பி. சியாமில் அவருக்கென்று தனி அரண்மனை, தனிப் படை எல்லாம் இருந்தன. 1885-இல்தான் அந்தப் பதவியை ஒழித்தார்கள். இலங்கையில் இது அனுராதபுரக் காலத்துச் சங்கதி. தேவானம்பிய திஸ்ஸனின் தம்பி மகாநாகன் உபராஜனாக இருந்தான். அவனைத் தீர்த்துக்கட்ட அரசி ஒரு மாம்பழத்தில் விஷம் வைத்து அனுப்ப, அவனோடு போயிருந்த அவள் மகனே அதைத் தின்றுவிட்டான் என்று மகாவம்சம் சொல்கிறது. அரியணைக்கு ஒரு படி கீழே இருப்பவனின் பாடு அன்றிலிருந்தே இதுதான்.

கண்டியில் மட்டும் கதை கொஞ்சம் கோணல். 1739-இல் கடைசிச் சிங்கள அரசர் வாரிசில்லாமல் மறைந்ததும், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அரசியின் சகோதரர் பட்டமேறினார். அவரோடு சேர்த்து நான்கு நாயக்க மன்னர்கள். பிறப்பால் சைவர்கள், பட்டத்தால் புத்தரின் புனிதப் பல்லுக்குக் காவலர்கள். அவர்களுடைய உறவுக்காரர்களுக்கு அந்த மண்ணில் வேர் கிடையாது. ஆகவே உபராஜா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிங்களப் பிரபு வந்து உட்கார்ந்தார். அவர்தான் மகா அதிகாரம். தம்பியிடம் அரச ரத்தம் இருக்கும், அதிகாரம் அண்ணன் கொடுத்தால்தான். இவரிடம் அதிகாரம் முழுக்க இருந்தது, ரத்தம் இல்லை. அரசரைத் தேர்ந்தெடுப்பது இவர் கை. அரசராவது மட்டும் இவர் தலையில் எழுதவில்லை.

மகா அதிகாரம் வீதியில் வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சத்தம் கேட்கும். முன்னால் சாட்டைக்காரர்கள் சொடுக்கிக்கொண்டே நடப்பார்கள். நம்மூர் ரேக்ளாப் பந்தயத்தில் காதைப் பிளக்குமே ‘சடார்’, அதேதான். அந்தச் சத்தம் கேட்டதும் சனங்கள் ஒதுங்கிவிடுவார்கள். பின்னால் அவர் வருவார்: இடுப்பில் சுற்றுச் சுற்றாகத் துணி மடித்து வயிறு முன்தள்ள, தலையில் நாலு மூலைத் தொப்பி, இடையில் சிங்கமுகப் பிடி வைத்த வாள். சம்பளம் என்று ஒரு காசு கிடையாது. மானிய நிலம் உண்டு. காரியமாக வருகிறவர்கள் வெற்றிலைச் சுருளோடு வைக்கும் காசும் உண்டு. மொய் மாதிரிதான், திருப்பிச் செய்ய வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இத்தனை ஆர்ப்பாட்டமும் அரண்மனை வாசல் வரைதான். உள்ளே திரைகள் ஒவ்வொன்றாக விலகி அரசரின் முகம் தெரிந்ததும், சாட்டைக்காரர்களோடு வந்த அதே மனிதர் தரையில் விழுந்து கும்பிட வேண்டும். பிறகு பேசுவதெல்லாம் மண்டியிட்டபடி. கண்டி சபையில் அரசரைத் தவிர வேறு யாருக்கும் நாற்காலி இல்லை.

நாற்காலியை நினைவில் வையுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

*

1798-இல் பிலிமத்தலாவ என்னும் மகா அதிகாரம், அரண்மனை உறவில் இருந்த கண்ணுசாமி என்ற 18 வயதுப் பையனைத் தேடிப் பிடித்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆக்கினார். அப்போது நம் பல்லடம் திப்புவின் ராஜ்யத்தில் இருந்தது. அடுத்த வருஷமே ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து கோயமுத்தூர்ச் சீமை கும்பினியார் கைக்குப் போனது. அதே 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலேறினார். வெள்ளைக்காரன் எந்தத் திசையில் வருகிறான் என்று கண்டி மலையிலிருந்து பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். பிலிமத்தலாவ பார்த்தார். தனக்கு வண்டியோட்டத்தான் அவன் வருகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

கவர்னர் நார்த்திடம் அவர் பேசிய ரகசியம், 1803-இல் ஆங்கிலப் படை கண்டிக்குள் வந்து முத்துசாமி என்பவரைப் பொம்மை அரசராக உட்காரவைத்தது, காய்ச்சலில் பாதி செத்த மேஜர் டேவியின் படை ஜூன் மாதம் மகாவலி ஆற்றங்கரையில் வெட்டுண்டது எல்லாம் போன இரண்டு வாரமாகப் படித்திருப்பீர்கள். அந்த வெற்றிக்குப் பிறகு பையன் பையனாக இல்லை. தன்னைப் பட்டத்தில் வைத்த கை, தன்னை இறக்கவும் துழாவுகிறது என்று தெரிந்துகொண்டார். பிலிமத்தலாவ மலாய்க் காவலர்களை விலைபேசி அரசரைக் கொல்லப் பார்த்தார். திட்டத்தின் குட்டு வெளிப்பட்டது. 1811-இல் அவர் தலை உருண்டது.

காலியான இடத்துக்கு வந்தவர் எகலப்பொல.

இவரைப் பற்றி நல்லதாகவும் கெட்டதாகவும் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது: முன்னவர் தலை எப்படிப் போனது என்பதைக் கண்ணால் பார்த்தவர், அதே பாதையில் அதே தடத்தில் கால் வைத்தார். ஆசை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதவியில் சும்மா இருக்கவும் முடியாது. அரசர் சந்தேகப்பட்டால் கழுத்துப் போகும். சந்தேகப்படாமல் இருக்க வேண்டுமென்றால் செல்வாக்கு இருக்கக் கூடாது. செல்வாக்கு இல்லாத அதிகாரத்தைத் தலைவர்களே தின்றுவிடுவார்கள்.

அரசருக்கும் அப்போது பேர் கெட்டுக்கொண்டிருந்தது. இன்று கண்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் முதலில் படமெடுக்கும் ஏரி, கரைமேல் எட்டுமூலை மண்டபம், எல்லாம் அவர் கட்டியவை. மண்டபத்தைச் சமைத்த சிற்பி தேவேந்திர மூலாச்சாரி. கொங்கு நாட்டில் குளம் வெட்டியவன் பேரைக் கல்லில் வெட்டிவைப்போம். கண்டியில் அதே வேலை சாபமாக முடிந்தது. நெல் விளைந்த வயலை மூழ்கடித்து அழகுக்காக ஏரி. கூலியில்லாத ராஜகாரிய வேலைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள். மண் சுமந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தலைவர்கள் அந்த முணுமுணுப்பைச் சேகரித்தார்கள்.

அதைக் காசு கொடுத்து வாங்க ஒருவர் கொழும்பில் காத்திருந்தார்.

*

அவர் பெயர் ஜான் டாயிலி, ஆங்கிலேய அதிகாரி. மாத்தறையில் ஒரு பௌத்த பிக்குவிடம் உட்கார்ந்து சிங்களம் படித்தவர். சண்டைக்காரர் அல்ல, டைரிக்காரர். மலையிலிருந்து இறங்கும் வியாபாரி, யாத்திரை போகும் பிக்கு, கோபித்துக்கொண்டு ஓடிவரும் சிற்றதிகாரி என்று யாரைப் பார்த்தாலும் விசாரித்து, கேட்டதை அன்றைக்கே எழுதிவைப்பார். இன்ன ஊரில் இன்ன தலைவருக்கு அரசர்மேல் என்ன வருத்தம் என்பது வரை 1810-இலிருந்து அந்த டைரியில் இருக்கிறது. ஒரு நாட்டை இப்படியும் பிடிக்கலாம் என்று அதைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

எகலப்பொலவுக்குச் சபரகமுவ மாகாணமும் கொடுக்கப்பட்டிருந்தது. ரத்தினக் கற்கள் விளையும் இரத்தினபுரி இருக்கும் மாகாணம். அதைவிட முக்கியம், சீதாவக்கைப் பக்கம் வெள்ளைக்காரன் எல்லையைத் தொடும் மாகாணம். கண்டியில் மண்டியிடும் மனிதர் அங்கே போனால் நிமிர்ந்து நிற்கலாம். அங்கிருந்து டாயிலிக்குக் கடிதம் போகும். பதில் வரும். பரிசும் வரும்.

1814-இல் சபரகமுவ ஆட்களே கண்டிக்கு நடந்துபோய், அதிகாரம் எங்களைப் பிழிகிறார் என்று அரசரிடம் முறையிட்டார்கள். உடனே வந்து பதில் சொல்லும்படி ஓலை போனது. போனால் பிலிமத்தலாவ போன வழி. போகாவிட்டால் அது கலகம். எகலப்பொல போகவில்லை. அரசர் அவருடைய பதவிகளை எல்லாம் பறித்தார். மகா அதிகாரப் பட்டத்தையும் சபரகமுவத்தையும் மொல்லிகொட என்ற இன்னொரு பிரபுவுக்குக் கொடுத்து, ஒரு படையோடு அவரையே எகலப்பொலவுக்கு எதிராக அனுப்பினார்.

கண்டியில் எகலப்பொலவின் வளவைக் காவலாளிகள் சூழ்ந்தார்கள்.

சபரகமுவச் சனங்கள் திரண்டு எழுவார்கள் என்று எகலப்பொல எண்ணியிருந்தார். திரளவில்லை. மொல்லிகொட வர வர, கூட நின்றவர்கள் கரைந்துபோனார்கள். அந்த மே மாதம் எகலப்பொல எல்லையைக் கடந்து ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். அவரை நம்பிச் சேர்ந்த சபரகமுவத் தலைவர்களைப் பிடித்துக் கண்டிக்குக் கொண்டுபோய்க் கழுவேற்றினார்கள். எகலப்பொலவின் உயிர் பிழைத்தது. அடகு வைத்தது அங்கேயே கிடந்தது.

*

1814 மே 17.

கண்டியில் நாத தேவாலயமும் விஷ்ணு தேவாலயமும் இருக்கும் அந்தச் சதுக்கம். எதிரே புனிதப் பல் வைத்திருக்கும் மாளிகை. எகலப்பொலவின் மனைவியையும் பிள்ளைகளையும் அங்கே நடத்திக் கொண்டுவந்தார்கள். அந்த அம்மாள் மொனரவில கெப்பெட்டிபொல என்னும் தலைவரின் சகோதரி. அந்தப் பெயரையும் மறக்க வேண்டாம், இந்தத் தொடரில் நாலு வாரம் கழித்து ஒரு நாட்டையே குலுக்கப் போகிறவர் அவர்.

முதலில் மூத்த மகனைக் கூப்பிட்டார்கள். அவன் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தான். அப்போதுதான் அடுத்தவன் முன்னால் வந்தான். எட்டு ஒன்பது வயதிருக்கும். மத்தும பண்டார. பயப்படாதே அண்ணா, எப்படிச் சாவது என்று நான் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க் கழுத்தை நீட்டினான். ஒரே வீச்சு. இலங்கைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். டீக்கடைப் பெரியவர் அறுபது வருஷமாகச் சுமந்துகொண்டிருப்பதும் அவனைத்தான்.

பிறகு மற்றப் பிள்ளைகள். பால்குடியையும் விடவில்லை. தாயையும் உறவுப் பெண்களையும் போகம்பரைக் குளத்தில் மூழ்கடித்தார்கள்.

வெட்டிய தலைகளை உரலில் போட்டு, உலக்கையைத் தாயின் கையில் கொடுத்து இடிக்கச் சொன்னார்கள் என்று ஒரு விவரம் பிரசித்தம். சினிமாவிலும் நாடகத்திலும் அதுதான் உச்சக் காட்சி. விரிவாக எழுதியவர் ஜான் டேவி, ஆங்கிலப் பட்டாள வைத்தியர் (மேஜர் டேவி வேறு). அவர் இலங்கைக்கு வந்ததே 1816-இல். கேட்டதைத்தான் எழுதினார். அரசரைப் பிசாசாகக் காட்ட வேண்டிய தேவை அப்போது யாருக்கு இருந்தது என்று யோசித்தால், அந்த உலக்கையைக் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்க்கத் தோன்றுகிறது. பிள்ளைகள் கொல்லப்பட்டதில் மட்டும் சந்தேகமில்லை. கொல்லச் சொன்னவர் தமிழ் பேசியவர் என்பதற்காக நான் அதை மெழுகவும் மாட்டேன்.

டேவி எழுதிய இன்னொன்றை நான் அப்படியே நம்புகிறேன். அரண்மனையைத் தவிர, கண்டி நகரில் இரண்டு நாள் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. நம் ஊரில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அங்கே ஊரே சாவு வீடானது. வாளோ துப்பாக்கியோ இல்லாமல் ஒரு ஊர் தன் அரசரை அன்றைக்கே கைவிட்டுவிட்டது. அவருக்குத்தான் அது தெரியவில்லை.

*

கொழும்பில் கவர்னர் பிரவுன்ரிக் எகலப்பொலவுக்கு ஆறுதல் சொன்னார். படை மட்டும் உடனே கிளம்பவில்லை. ஒரு குடும்பம் செத்ததற்கு வெள்ளைக்காரன் யுத்தம் தொடுக்க மாட்டான், சாக்கு ஒன்று வேண்டும். நவம்பரில் அதுவும் கிடைத்தது. ஆங்கில எல்லையிலிருந்து மலைக்குப் போன பத்து வியாபாரிகளை ஒற்றர்கள் என்று பிடித்து அங்கங்களை அறுத்தார்கள். பிழைத்துத் திரும்பிய சிலர் வெட்டுப்பட்டதைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே கொழும்பு வந்து சேர்ந்தார்கள். 1815 ஜனவரியில் போர்.

போர் என்று பெயர்தான். மலைப்பாதையில் எதிர்த்து நிற்க வேண்டியவர் புதிய மகா அதிகாரம் மொல்லிகொட. அவர் தாமதித்தார். பயமா, துரோகமா? இரண்டும் இல்லை. அவருடைய மனைவி மக்களும் கண்டியில் அடகு. அவர்களைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தாயிற்று என்ற செய்தி வரும்வரை ஒப்புக்கு எதிர்த்துக்கொண்டிருந்தார். வந்தது, மறுபக்கம் தாண்டிவிட்டார். எகலப்பொல வளவில் நடந்ததைப் பார்த்த எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்திருப்பார்.

பிப்ரவரி 14-இல் ஆங்கிலப் படை காலியான கண்டிக்குள் நுழைந்தது. 18-ஆம் தேதி மெதமகநுவரப் பக்கம் ஒரு வீட்டில் ஒளிந்திருந்த அரசரை எகலப்பொலவின் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். நேற்றுவரை அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க அஞ்சியவர்கள், காட்டுக்கொடியால் அவரைக் கட்டினார்கள். டாயிலி பல்லக்கு அனுப்பி மீட்டார். அந்தப் பல்லக்கு கடைசியில் எங்கே போய் நின்றது என்பது இந்தத் தொடரின் முதல் வரியிலேயே இருக்கிறது: நம் வேலூர்க் கோட்டை.

1815 மார்ச் 2, மாலை. கண்டி அரண்மனையின் மகுல் மடுவ, செதுக்கிய மரத்தூண்கள் நிற்கும் சபா மண்டபம். பிரவுன்ரிக் உட்கார்ந்திருந்தார். தலைவர்கள் வரிசையாக வர வேண்டும்.

முதலில் வந்தவர் எகலப்பொல. கவர்னர் எழுந்து நின்று வரவேற்றார். பிறகு தன் வலப்பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே ஒரு நாற்காலி போட்டிருந்தது.

இந்த மண்டபத்தில் மண்டியிட்டே பழகியவர் அதில் உட்கார்ந்தார். மொல்லிகொடவும் மற்றவர்களும் அவருக்குப் பிறகுதான். அரசர் பிடிபட்டாகிவிட்டது. பிடித்தது இவருடைய ஆட்கள். வேறு யாருக்கு இருக்கிறது உரிமை?

ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் வாசித்தார்கள். பிறகு சிங்களத்தில். முதல் பிரிவு, அரசரின் கொடுமைகள். இரண்டாவது, அவருக்கும் அவர் வம்சத்துக்கும் இனி இந்த அரியணையில் உரிமை இல்லை. மூன்றாவது, அவருடைய ஆண் உறவினர்கள் அனுமதியில்லாமல் இந்த நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. சரி, பழையவர் ஒழிந்தார். அப்படியானால் புதியவர்?

எகலப்பொல நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும்.

வாசிப்பவர் நான்காவது பிரிவைத் தொடங்கினார்.

(தொடரும்)